பி சைடில் கடைசிப் பாட்டு

தொண்ணூற்று மூன்றோ நான்கோ, வருசம் சரியாக நினைவில்லை. ஐப்பசி மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் நினைவிருக்கிறது. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் இருந்த கேசட் ரெக்கார்டிங் கடையில் நடந்தது. அன்றைக்கு, படிக்காத ஒரு துண்டுச் சீட்டைப் படித்துவிட்டதாக ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் இன்னொருவருடைய பாட்டு அழிந்து போயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு நேராகச் சொல்ல வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் மோல்டராக இருந்தவன். மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற வேலை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஏழு வயதில் ஆட்டுக்குப் பின்னால் விட்டார்கள், பிறகு செங்கல் சூளை, பிறகு பவுண்டரி. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதுவும் எழுதுவதில்லை, கோலம் மாதிரி வரைவது. யாராவது ஒரு தாளை நீட்டினால் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய ஊட்லயே வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. அந்த வயதில் பருந்து மாதிரி கண் தெரியும்.

அந்தக் கடைக்கு முதலில் போனது மனைவிக்கு முருகன் பாட்டு கேசட் வாங்க. போன நேரத்தில் கல்லூரிக்காரர் ஒருவர் ஏதோ ஒன்றைப் பதியக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார். பெட்டியிலிருந்து வந்த சத்தம் என்னை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது. உலைக்குக் காற்றடிக்கிற புளோயரைப் போட்டதும் காலுக்குக் கீழே தரை அதிரும். அந்த அதிர்வு. அதற்கு மேலே ஒரு ஆள் அடித்தொண்டையில் கத்துகிறான். இருபது வருசம் தினமும் எட்டு மணி நேரம் கேட்ட சத்தம்தான், ஆனால் இதில் ஒரு ஒழுங்கு இருந்தது. என்ன பாட்டு என்று கேட்டேன். மெட்டல் என்றார். "மெட்டல்னா எங்களுக்கு உருக்கி ஊத்தறதுங்க தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டு இன்னொன்று போட்டுக் காட்டினார். மனைவிக்குக் கேசட் வாங்க மறந்தே போய் பஸ் ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அங்கேதான். நாங்கள் ஐந்து பேர். கல்லூரிக்காரர் இருவர், மருந்துக் கம்பெனியில் ஊர் ஊராகப் போகிற ஒருவர், போத்தனூரிலிருந்து ரயில்வேக்காரர் ஒருவர், நான். மெட்டல், ஹார்ட்கோர், பங்க் என்று அவர்கள் வகை பிரிப்பார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். வானொலியில் வராது, கடையில் விற்காது. ஒருவருக்குப் பெங்களூரிலிருந்து வரும், ஒருவருக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்புவார். ஒன்று வந்தால் ஐந்தாகும். கடைக்கார பாய்க்கு இந்தச் சத்தமே ஆகாது. நாங்கள் போனதும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்காருவார். ஆனாலும் டீ சொல்வார், பழைய ஸ்டூலை எடுத்துப் போடுவார்.

கேசட் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதல்லவா? அதனால் பவுண்டரி வழக்கத்தையே அங்கேயும் கொண்டுவந்தேன். வார்ப்பு ஆறியதும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். கணீர் என்றால் நல்லது, வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி. சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல், பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவோம். கேசட்டிலும் அப்படியே வைத்தேன். சுமாருக்கு ஒரு புள்ளி, நல்லதுக்கு இரண்டு, தூக்கம் கெடுப்பதற்கு மூன்று. அடையாளம் தெரிய நான் செய்துகொண்ட வேலை அது. அவர்களோ அதை ஏதோ பெரிய விசயமாக எடுத்துக்கொண்டார்கள். "மேஸ்திரி மூணு புள்ளி வெச்சதா?" என்று கேட்டுத்தான் வாங்கிப்போவார்கள். மெத்தப் படித்தவர்கள் நான் சொன்னதைக் கேட்கிறார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போயிற்று, பொய் சொல்வானேன்.

இப்போது அந்தப் போத்தனூர்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருடைய அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்து, வேலை நேரத்திலேயே ரயிலில் அடிபட்டு இறந்தவர். அந்த வேலைக்குப் பதிலாகத்தான் இவருக்கு வேலை கிடைத்தது. ஒருமுறை உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவர்கள் என் புள்ளியை வேடிக்கையாகவும் எடுத்துக்கொள்வார்கள். இவர் அப்படியில்லை, நான் சொன்னால் சொன்னதுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். நான் ஒரு வெறும் கேசட்டைக் கொடுத்தால், அவர் தனக்குப் பிடித்ததாகப் பார்த்து இரண்டு பக்கமும் பதிந்து, எந்தப் பாட்டு யாருடையது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துத் தருவார். எனக்காக வேண்டித் தமிழிலேயே எழுதுவார். நான் சீட்டைப் பிரித்து, தலையை ஆட்டி, மடித்து வைத்துக்கொள்வேன். பிறகு பாட்டைக் கேட்டு அபிப்பிராயம் சொல்வேன். பெயரைச் சொல்லாமல் 'ரெண்டாவது பாட்டு', 'அந்த நாய் படம் போட்ட கோஷ்டி' என்று சொல்லியே ஒப்பேற்றினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த ஐப்பசியில் அவர் கொடுத்த கேசட்டில் சீட்டு வழக்கத்தை விட நீளமாக இருந்தது. பாட்டு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏ சைடு பிரமாதம். பி சைடும் அப்படித்தான், கடைசிப் பாட்டு வரைக்கும். அது ஒரே மந்தமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒரு கிடார், தகரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு தாளம், ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துகிறான். நடுவில் ரயில் போகிற சத்தம் வேறு. மனைவி உள்ளேயிருந்து வந்து, கோழிக்கூட்டில் கீரி பூந்திருச்சோ என்று பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு தரம் கேட்டேன், பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கடைத் தகரத்தில் சடசடவென்று கொட்டுகிறது. ஐந்து பேரும் இருந்தோம். கேசட்டைப் பாயிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு பாட்டாகப் புள்ளி சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிப் பாட்டு வந்ததும், போத்தனூர்க்காரர் கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, சீட்டப் படிச்சீங்களா?"

"படிச்சேன், படிச்சேன். அதெல்லாம் அன்னிக்கே படிச்சாச்சு."

"அப்ப இது எப்படிங்கண்ணா?"

எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது வார்ப்பே இல்லை என்றேன். தட்டினால் சத்தம் செத்துக் கிடக்கிறது, உள்ளே பூராவும் காற்றுக்குமிழி, புள்ளி இல்லை, பெருக்கல் குறிதான் என்றேன். "அந்த ஆளு எதுக்குங்க அப்படிக் கத்தறான்? கால் மேல கல்லு உழுந்துருச்சா?" என்றும் கேட்டேன். கல்லூரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போத்தனூர்க்காரரும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, அவரும் சிரித்தார்.

அதோடு விட்டேனா? இவ்வளவு நல்ல கேசட்டில் இது எதற்கு, அழித்துவிட்டு இந்த இடத்தில் மூணு புள்ளிப் பாட்டு ஒன்றை ஏற்றிவிடலாம் என்றேன். பாய் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"கெடந்துட்டுப் போகுது உடுங்க மேஸ்திரி. எல்லாம் ஒரே இரைச்சல், இதுல இது ஒன்னுதான் உங்களக் கடிக்குதாக்கும்?"

நான் போத்தனூர்க்காரரைப் பார்த்தேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அழிச்சிருங்கண்ணா" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

நானே பொத்தானை அமுக்கினேன். இந்தப் பக்கம் ஒரு கேசட் சுற்ற, அந்தப் பக்கம் என் கேசட் சுற்ற, மூன்று நிமிசம் போல ஆயிருக்கும். முடிகிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாரேனுங்கண்ணா என்று மழையிலேயே இறங்கிப் போனார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. வேலை அதிகமாயிருக்கும் என்று பேசிக்கொண்டோம். நாள் போகப் போக கடைக்கு வருவதே குறைந்தது. ஒருவர் படிப்பு முடித்துப் போனார், ஒருவர் கல்யாணமாகிப் போனார்.

ஒன்றரை வருசம், இரண்டு வருசம் கழித்து எங்கள் பக்கம் படிக்காதவர்களுக்கு வகுப்பு நடந்தது. சாயங்காலத்தில் ஒரு அம்மணி வந்து கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். முதலில் வெட்கமாக இருந்தது. என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனேன். எழுத்துக் கூட்ட வந்ததும் முதலில் படிக்க நினைத்தது அந்தச் சீட்டுகளைத்தான். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, இதுதான் அந்தக் கோஷ்டியா, இப்படியா பெயர் என்று விரல் வைத்துப் படிப்பேன். சந்தோசமாக இருந்தது. ஒரு நாள் அந்த நீளச் சீட்டு கையில் வந்தது. படித்து முடிக்க ஒரு சாயங்காலம் பூராவும் ஆயிற்று. பாட்டுப் பெயர்களுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

'அண்ணா, கடைசிப் பாட்டு நானும் என் சிநேகிதனும் செய்தது. கூட்ஸ் ஷெட்டில் நேராக இந்தக் கேசட்டிலேயே பதிந்தோம். வேறு காப்பி இல்லை. அவனுக்கு மாற்றலாகிவிட்டது, நாளைக்குப் போகிறான். வரிகள் தமிழ்தான். அப்பா போனதைப் பற்றி. கடையில் யாருக்கும் சொல்ல வேண்டாம். நீங்கள் நன்றாக இருக்கிறது என்றால் பாயிடம் காப்பி போடலாம். இல்லை என்றால் அழித்துவிடுங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.'

தமிழ்தான் என்று எழுதியிருந்தது. என் பாஷையில் ஒருவர் செத்த அப்பாவை நினைத்துக் கத்தியிருக்கிறார். எப்போதும் புரியாத பாஷையில் கத்துவதையே கேட்டுப் பழகிய நான், அதில் வார்த்தை இருக்குமா என்று தேடிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் சத்தம் கேட்டபோதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? 'கால் மேல கல்லு உழுந்துருச்சா' என்று கேட்ட வாய் இது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் போத்தனூர் போனேன். விசாரித்து விசாரித்துக் குவார்ட்டர்ஸைக் கண்டுபிடித்தால், அங்கே வேறு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டில் ரயில் டிரைவராக இருந்தவரின் மனைவி, ஆங்கிலோ இந்தியப் பெரியம்மா, கவுன் போட்டுக்கொண்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பையன் மாற்றலாகி ஆந்திரா பக்கம் போய்விட்டான், அம்மாவையும் கூட்டிப் போய்விட்டான் என்றார். நான் பாட்டைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். அவர் உள்ளே கை காட்டினார். அலமாரிக்கு மேலே, பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஒரு கிடார் இருந்தது.

"என் மகன் ஆஸ்திரேலியா போறப்ப அந்தப் பையனுக்குக் குடுத்துட்டுப் போனது. ராத்திரி பகலா வாசிப்பான். ஒரு நாள் மழையில நனைஞ்சு வந்தான், திருப்பி இங்கயே வெச்சுட்டுப் போய்ட்டான். ஏன்டான்னு கேட்டேன். பாட்டு நல்லா தெரிஞ்ச ஒருத்தர் இருக்காராம், அவர் வேணாம்னு சொல்லிட்டாராம்."

சொல்லிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். அவருக்குத் தெரிஞ்சவனுங்க என்றேன். அந்தப் பெரியம்மாவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

என் வாழ்க்கையில் நானே எழுதிய முதல் கடிதம் அவருக்குத்தான். ஆந்திராவில் எந்த ஊர் ஸ்டேசன் என்று பெரியம்மா சொன்னதை நம்பி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, மேலே ஏதேதோ கிறுக்கி, திரும்பி என்னிடமே வந்தது. நான் அப்போது எழுதிய எழுத்து எந்தத் தபால்காரருக்கும் புரிந்திருக்காது.

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. வெகுநாள் அதைத் தொடவில்லை. கடிதம் திரும்பி வந்த அன்று எடுத்துப் போட்டேன். நான் ஏற்றிய மூணு புள்ளிப் பாட்டு முடிந்தது. நிறுத்தத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது அவருடைய பாட்டை விடச் சின்னது போலிருக்கிறது. டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் அழியாமல் தப்பிய வால். கடைசிப் பெட்டி தூரமாகப் போகிறது, கிடார் கம்பி இன்னும் அதிர்கிறது. கத்தி முடித்த ஒரு ஆள் மூச்சு வாங்குகிறார். பிறகு அவருடைய குரல், சாதாரணமாக, பக்கத்திலிருக்கும் யாரையோ கேட்கிறது: "பதிஞ்சிருச்சாடா?"

அவ்வளவுதான், அதற்கு மேல் வெறும் இரைச்சல்.

அந்த வெள்ளைப் பெயிண்டை அதற்குப் பிறகு நான் எந்தக் கேசட்டுக்கும் தொடவில்லை. இப்போது யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் "இது யாருதுங்க?" என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்துத் தெரியாததால்தான் அப்படி ஆயிற்று என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்க எழுத்து எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.