நான் காப்பாற்ற நினைத்த சத்தியம்

எழுபதுகளில் நீடாமங்கலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்தேன். அறையில் மூன்று பேர். நானும் கமலாவும் ஒரே ஊர். மாரி அதிராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாலே கருவாடு மணக்கும், எங்களுக்கு நாக்கில் நீர் ஊறும்.

அந்த வருஷம் கூலித் தகராறில் கமலாவின் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. படிப்பை நிறுத்தப்போவதாக வீட்டிலிருந்து கடிதம் வந்தது.

"நான் இனிமே உயிரோட இருக்கப் போறதில்லடி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள் கமலா. பண்ணினேன். வீட்டுக் கஷ்டம் வாசற்படி தாண்டக் கூடாது என்றே வளர்ந்தவள் நான்.

கேட்டுக்கொண்டிருந்த மாரி வராந்தாவுக்கு ஓடி, "டீச்சர், ஓடி வாங்க!" என்று ஹாஸ்டலே அதிரக் கத்தினாள். வார்டன் டீச்சர் வந்து கமலாவை அணைத்துக்கொண்டார். அவள் தேறும்வரை தன் அறையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவ மானத்தையே வாங்கிட்டியேடி" என்று மாரியிடம் சண்டைக்குப் போனேன்.

"கடல்ல படகு தத்தளிச்சா துடுப்புல துணியைக் கட்டி ஆட்டுவாங்க. பார்த்தவங்க வலையை அப்படியே விட்டுட்டு ஓடுவாங்க. இதுல என்னடி மானம்?" என்றாள்.

இப்போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளை யாராவது என்னிடம் வந்து 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று ஆரம்பித்தால், "அந்தச் சத்தியம் மட்டும் கேக்காதே" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அழைக்க வேண்டியவர்களை உடனே அழைத்துவிடுகிறேன்.

போன வாரம் மாரி கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். குழம்பு வைத்தவள் கமலா.

— ஒரு வாசகி, நீடாமங்கலம்