மச்சான் கட்டிய முடிச்சு

ஆரணி ஏரி நிரம்பிய வருஷம், வெள்ளைக்கார துரை ஒருவர் எங்கள் தெருப் பையன்களுக்குப் பாய்ப்படகு ஓட்டப் பழக்கினார். பாயில் கயிறு கட்ட அவர் காட்டிய முடிச்சைப் பார்த்து நானும் மச்சான் கோவிந்தனும் சிரித்துவிட்டோம். தறியில் அறுந்த இழைக்கு நாங்கள் தினமும் போடும் முடிச்சுதான் அது!

பந்தயத்தில் ஜெயிப்பவனுக்குப் பட்டணத்துத் துறைமுகத்தில் வேலை என்றார் துரை. அன்று என் படகுக்கும் கோவிந்தனே கயிறு கட்டினான்.

"நான்தான் கட்டிகினு இருக்கேனே, நீ ஜல்தியா ஏறு மச்சான்."

நம்பி ஏறினேன். பாதி ஏரியில் முடிச்சு அவிழ்ந்து பாய் படபடத்தது. பாவி, திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனான்.

அவன் பட்டணம் போனபின், தறியில் பாதியில் விட்ட புடவையை நான்தான் நெய்து முடித்தேன். அதில் அவன் போட்ட முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அவிழவில்லை.