'ஓடிப்போனவர்கள்' பட்டியலில் என் அத்தை

பாச்சை உருண்டையும் துருவும் கலந்த நெடி கண்ணில் நீர் வரவழைக்க, டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைக் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது, பள்ளி விடுமுறை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தோம். அந்தப் பெட்டி ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவுடையது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் கிடைத்த தாளை விரித்திருக்கிறார்.

'ஓடிப்போனவர்கள்' என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டில் அது வாய்விட்டுச் சொல்லக்கூடாத சொல். அப்பாவின் அக்கா அஞ்சலை பதினேழு வயதில் யாரோ ஒருவனோடு "ஓடிப்போனவ" என்பார்கள். அவர் பண்டமாரானில் இருப்பது தெரிந்தும் யாரும் போய்ப் பார்த்ததில்லை. நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால்கூட, "அத்தக்காரி மாதிரி ஆயிடாத" என்பார் அம்மா.

பட்டியலில் நான்காவது பெயர் அத்தையுடையது. தோட்டத்தின் பெயர், தாத்தாவின் பெயர், வயது பதினேழு எல்லாம் சரியாக இருந்தன. இந்த வெட்கக்கேட்டைப் பேப்பரிலுமா போட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு மேலே இருந்தவர் சாமிக்கண்ணு, வயது அறுபத்திரண்டு. அவருக்கும் மேலே, கைக்குழந்தையோடு ஒரு கணவனும் மனைவியும்.

வேலை முடிந்து வந்த அப்பாவிடம் தாளை நீட்டினேன். "அப்பா, இந்தச் சாமிக்கண்ணு தாத்தா யார்கூட ஓடிப்போனாரு?"

அப்பா சிரிக்கத்தான் தொடங்கினார். பிறகு, கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்தார். இந்தக் கூலிகள் துரையின் உத்தரவின்றித் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள், இவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கக் கூடாது என்றிருந்தது. அந்நாளைய பேப்பரில் 'ஓடிப்போவது' என்றால் அவ்வளவுதான், கேட்காமல் வேலையை விட்டுப் போவது. அப்பா சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா போனபோது அவருக்குப் பத்து வயது. "ஓடிப்போயிட்டா" என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து சொன்னானாம். யாரோடு என்பதை லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கிள்ளானுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து பண்டமாரானுக்குப் போனோம். துறைமுகக் கிட்டங்கிக்குக் கோணிப்பை தைத்துக் காய்த்துப்போன விரல்களோடு, ஒரு பலகை வீட்டில் அத்தை தனியாக இருந்தார்.

"அன்னிக்கு உன்கூட யாருக்கா வந்தா?" என்று கேட்டார் அப்பா.

"சாமிக்கண்ணு தாத்தாதான். அந்த மண்டோர் என்னை ஒதுக்குப்புறமாப் பால்மரம் வெட்ட அனுப்பிட்டுப் பின்னாலயே வருவான்டா. அப்பாகிட்ட சொன்னேன், பொறுத்துக்கன்னாரு. அந்தக் கெழவந்தான் கிள்ளான் வரைக்கும் நடத்தியே கூட்டியாந்தாரு."

"கல்யாணம்?"

"ஓடிப்போனவள எவன்டா கட்டுவான்?" என்று அத்தை சிரித்தார்.

அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். நான் மிரண்டுபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தீபாவளிக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா நிமிர்ந்து முகம் பார்க்க முடியாமல், அத்தை போதும் போதும் என்றபோதும் கேட்காமல், தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தை இன்று இல்லை. தோட்டம் செம்பனைக் காடாகி, பிறகு வீடுகளாகிவிட்டது. குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அந்தத் தாளும் பொடிந்துபோயிற்று.

போன மாதம், நான் இப்போது வசிக்கும் பூச்சோங்கில், எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பக்கத்துத் தெரு அக்கா போட்டிருந்தார்: "எங்க வீட்டு மெய்ட் ஓடிப்போயிட்டா. யாரும் வேலை குடுக்காதீங்க. ஷேர் பண்ணுங்க." அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பி முடித்த பிறகுதான், அனுப்பிய சொல் எனக்கு உறைத்தது. உடனே அந்த அக்காவை அழைத்தேன்.

"அவ ஏன்க்கா போனா?"

"அதெல்லாம் எதுக்கு லா? வேற வேல இல்லயா உனக்கு?" என்று வைத்துவிட்டார்.

படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. அனுப்பியதையெல்லாம் அவசர அவசரமாக அழித்தேன். அதற்குள் இரண்டு குழுக்களில் அதை வேறு யாரோ மறுபடியும் பகிர்ந்திருந்தார்கள்.