கதிரைக் கூலி

கத்தரீனாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அவளால் அல்ல. அவள் தங்கம். அவளைச் சுற்றி இருந்தவர்களை நினைத்தால்தான் வாய் கசக்கிறது.

கண்டியில், மஹய்யாவவில், அவள் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நான் மேபல். வாரநாட்களில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேதக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பேன். அந்தக் கோயிலின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே நடந்ததற்கு, கோயிலுக்குப் பெயர் கொடுத்த அர்ச்சியசிஷ்டவர் என்ன செய்வார், பாவம்!

கத்தரீனா பிறந்தது மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடொன்றில். நடக்கப் பழகிய கையோடு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிவிட்டார்கள். புருஷன் சுவக்கின் அதே தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் ஓடுவதற்குத் தேயிலைச் சரிவுகளில் வெட்டும் வாய்க்காலைத்தான் அங்கே கான் என்பார்கள். அப்படி வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் மேட்டிலிருந்து கல் உருண்டு வந்து அவருடைய முழங்காலை நசுக்கிவிட்டது. கால் பிழைத்தது, ஆனால் அதன் பிறகு மடங்கவேயில்லை. மடங்காத காலுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சட்டிபானையோடு இரண்டு பேரும் கண்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

டவுனில் மஹ்ரூப் நானாவுக்கு மிளகு, சாதிக்காய் வியாபாரம். அலவத்துகொடக்காரர். அவர் வீட்டு முற்றத்தில் மிளகு புடைத்துத் தரம் பிரித்துக்கொடுக்கும் வேலை கத்தரீனாவுக்குக் கிடைத்தது. மாலையில் வரும்போது மேலெல்லாம் மிளகு நெடி வீசும். தும்மிக்கொண்டே வருவாள், தும்மலுக்கு நடுவிலும் பேச்சு நிற்காது. "டீச்சர், இன்னிக்குக் கூலி வாங்கிட்டேன், கருவாடு வாங்கிட்டேன், இனி ராசாத்திதான் நான்" என்பாள். கூலி என்று சொல்லும்போது அவள் குரல் ஒருநாளும் தாழ்ந்ததில்லை. ஏன் தாழ வேண்டும்? பாடுபட்டுக் கையில் வாங்குவது அது.

இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் பல வீடு. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் சிங்களவர். மாதம் பிறந்ததும் "கெவல் குலிய" என்று வாசலில் வந்து நிற்பார், அவருக்கு அது வாடகை. மஹ்ரூப் நானாவின் மனைவி ருக்கியா ராத்தா யாருக்காவது ஒரு பிடி அரிசி கொடுத்தால், அல்லாஹ் கூலி தருவான் என்பார். அங்கே அது மறுமையில் கிடைப்பது. துரைமார் வாயில் போனதும்தான் வந்தது கேடு. வாங்குகிற காசின் பெயரை வாங்குகிற மனுஷனுக்கே வைத்துவிட்டார்கள். ஊர், பேர், தாய், தகப்பன் ஒன்றும் வேண்டாம், கூலி என்றால் போதும். எனக்கு ஆத்திரம் தாங்காமல் கன்னியர் மடத்துப் பெரிய இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல் குஜராத்தில் ஒரு சாதியின் பெயராக இருக்கலாமாம். துருக்கி பாஷையில் அடிமையைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாமாம். தமிழாகவும் இருக்கலாமாம். நல்ல சீர்தான்! ஒரு பிள்ளைக்கு மூன்று அப்பன், ஒருவரும் சோறு போடக் காணோம்.

துரைமாரைக்கூட விட்டுவிடுவேன். அவன் பாஷை, அவன் திமிர். நம்முடைய ஆட்கள் இருக்கிறார்களே, துரை துப்பினதை எடுத்துத் தங்கள் வாயில் போட்டுக்கொண்டு, நம் சனத்தின் முகத்திலேயே திரும்பத் துப்புகிறவர்கள், அவர்களைத்தான் எனக்குச் சகிக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் தலைவர் எங்கள் கோயில் மூப்பர் பஸ்தியாம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர். கறுப்புக் கோட்டு, தங்கச் சங்கிலி, எந்நேரமும் செபமாலை.

எங்கள் கோயிலில் கதிரைக் கூலி, அதாவது நாற்காலிக்கு வாடகை, என்று ஒரு வழக்கம் இருந்தது. வருஷம் பிறந்ததும் கோயிலுக்குக் கூலி கட்டினால் உங்கள் பெயர் எழுதின கதிரையை உள்ளே போட்டுக்கொள்ளலாம். கட்ட முடியாதவர்கள் பின்னால் பாயில் உட்காரவேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். சுவக்கினால் பாயில் எப்படி உட்கார முடியும்? கண்டிக்கு வந்த நாள் முதல் அவர் பூசை கண்டதெல்லாம் வெளியே சுவரில் சாய்ந்துகொண்டுதான். மழை பெய்தால் நனைவார். நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. எல்லாருக்கும் வாக்குரிமை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அந்த வருஷம், பாஸ்கு என்கிற உயிர்ப்பு விழாவுக்கு முந்தின தபசு காலத்தில், அவர் இருமலோடு இருமலாகச் சொன்னார்: "பாஸ்குப் பூசைய ஒருக்கா உள்ள இருந்து கண்டுட்டேன்னா போதும் புள்ள. பொறவு சாவு வந்தா வரட்டும்."

மனுஷன் கேட்டது அவ்வளவுதான். கத்தரீனா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மூப்பரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"மூப்பரய்யா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கதிரை போடணுங்க. கால் மடங்காது. கூலி என்னான்னு சொன்னீங்கன்னா கட்டிப்புடுறேன்."

"உது சரிவராது. கதிரை நல்ல குடும்பக்காரருக்கு. கூலியாக்களுக்குப் பாய் விரிச்சுக் கிடக்குத்தானே?"

"பாயில குந்த முடியாதுங்களே."

"அப்ப வெளியில நிண்டு காணட்டும். ஆண்டவருக்கு எல்லா இடமும் ஒண்டுதான்."

ஆண்டவருக்கு எல்லா இடமும் ஒன்று என்றால் இவர் கதிரை மட்டும் ஏன் பீடத்துக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் கிடக்கிறது? நான் கேட்டேவிட்டேன். "டீச்சர், நீங்கள் பாட்டைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். தூ!

கத்தரீனா அசருகிறவளா? நேரே சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் போய் அவர் முன்னால் முழங்காலில் நின்றாள். அவர் சீமைக்காரர், கிழவர், அரைகுறைத் தமிழ். முழுவதையும் கேட்டுவிட்டு மூப்பரைக் கூப்பிட்டு, "கால் நோய். கதிரை போடு. கூலி வாங்கு" என்றார். மூப்பர் முகத்தில் ஈயாடவில்லை. கத்தரீனா மிளகு புடைத்துச் சேர்த்த காசைக் கதிரைக் கூலியாக எண்ணி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மிளகு முற்றத்தில் இதையெல்லாம் அவள் ருக்கியா ராத்தாவுக்குச் சொல்லியிருக்கிறாள். ராத்தா உள்ளே போய்ப் பிரம்பு பின்னிய கதிரை ஒன்றைத் தூக்கிவந்து வைத்தாராம்.

"இத எடுத்துட்டுப் போங்க புள்ள. நோயாளி மனுசன் குந்தட்டும்."

"வெல என்னாங்க ராத்தா?"

"சும்மா போங்க! எங்கட ஊட்டுல கதிரைக்கா பஞ்சம்? அதுட கூலிய எனக்கு அல்லாஹ் தருவான்."

டவுனிலிருந்து மஹய்யாவ வரைக்கும் அந்தக் கதிரையைத் தலையில் வைத்து நடந்து வந்தாள். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரருக்கு! கோயில்ல போட!" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் பெயரை அதன் முதுகில் நான்தான் வெள்ளைப் பெயிண்டால் எழுதிக் கொடுத்தேன்.

பாஸ்கு ஞாயிறு விடிந்தது. சுவக்கின் வெளுத்த வேட்டி, தோளில் புதுத் துவாய். கதிரைக்கு மூப்பர் கொடுத்திருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசித் தூணுக்குப் பின்னால், பிரேதப்பெட்டி வைக்கும் மரச்சட்டத்துக்குப் பக்கத்தில்! ஆனால் சுவக்கினுக்கு அது ஒன்றும் படவில்லை. கத்தரீனா கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்துப் பாய்க்குப் போனாள். அவர் மடங்காத காலை நீட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பீடத்தைப் பார்த்தார். பூவும் மெழுகுதிரியுமாகப் பீடம் நிறைந்து கிடந்தது. அந்த முகத்தை ஆர்மோனியத்தில் இருந்தபடி பார்த்தேன். ராகத்தைக் கோட்டைவிட்டேன், பாடகர்கள் என்னை முறைத்தார்கள், முறைக்கட்டுமே என்று இருந்துவிட்டேன்.

பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பையோடு மூப்பர் வரிசை வரிசையாக வந்தார். தூணருகே அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், சுவக்கின் எழுந்துவிட்டார். கதிரையின் கையைப் பிடித்து, பல்லைக் கடித்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தோட்டத்தில் துரை வந்தாலும், கணக்கப்பிள்ளை வந்தாலும், கங்காணி வந்தாலும் அப்படித்தான் நிற்கவேண்டும். சாகும்வரை நின்றாலும் உட்கார் என்று ஒருவன் சொல்லமாட்டான்.

பஸ்தியாம்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? காணிக்கை வாங்கி முடித்த களைப்பில், "ஸ்ஸ், சரியான வெக்கை" என்று சொல்லிக்கொண்டு அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேண்டுமென்று செய்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். மனுஷன் யோசிக்கவே இல்லை. எழுந்து நிற்கிற கூலிக்காரனும் காலியான கதிரையும் தனக்காகவே படைக்கப்பட்டவை என்பதுபோல் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, கைலேஞ்சியால் விசிறிக்கொண்டிருந்தார். சுவக்கின் பக்கத்தில் தூணைப் பிடித்தபடி நின்றார். எழுந்தேற்றம் ஆயிற்று, நற்கருணை ஆயிற்று, கடைசி ஆசீர்வாதமும் ஆயிற்று. இருமலை அடக்கி அடக்கி அவர் முதுகு குலுங்கியது. சுற்றியிருந்த குடும்பக்காரர் எல்லாரும் பார்த்தார்கள். உயிர்த்த ஆண்டவருக்கு அல்லேலூயா பாடினார்கள். சீ!

பூசை முடிந்து மூப்பர் எழுந்து சுவாமியாருக்குப் பாஸ்கு வாழ்த்துச் சொல்லப் போனார். கத்தரீனா பாயிலிருந்து எழுந்தாள். ஆண்கள் பக்கத்துக்கு நேரே நடந்து வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"கத்தரீனா, என்னா இது? எந்திரி!" சுவக்கின் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மாட்டேன். நீங்க ஏன் எந்திரிச்சீங்க?"

"அய்யா வந்தாங்கல்ல?"

"வந்தா? கூலி கட்டுனது யாரு, அவரா?"

அதற்குள் சனம் கூடிவிட்டது. மூப்பர் திரும்பி வந்தார். ஆண்கள் பக்கத்தில் ஒரு பொம்பிளை, அதுவும் கத்தரீனா, கதிரையில்! அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"எழும்பு."

"எழும்ப மாட்டேங்க மூப்பரய்யா. சுவாமி சொல்லிப் போட்ட கதிரை. அவரு ஒக்காந்தா நான் எழும்புறேன். அவர ஒக்காரச் சொல்லுங்க. ஒங்க வாயால சொல்லுங்க."

இதைவிட என்ன கேட்டுவிட்டாள்? இரண்டே வார்த்தை, "சுவக்கின், இரும்" என்று சொன்னால் தீர்ந்தது. மூப்பர் சொல்லவில்லை. நான் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தேன். அதற்குள் சுவக்கின் கதிரைக்குப் பின்னால் போனார். இரண்டு கையாலும் அதன் முதுகைப் பிடித்தார்.

"நம்ம கூலிக்காரங்கடி!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்திக்கொண்டே கதிரையை முன்னால் சரித்தார். கத்தரீனா தரையில் போய் விழுந்தாள். அவர் கையெடுத்து மூப்பரைக் கும்பிட்டார். "பொட்டச்சி, தெரியாமப் பண்ணிட்டா. மன்னிச்சுக்குங்க அய்யா."

"சரி, சரி. நல்ல நாளில சத்தம் போடாதேங்கோ" என்றார் மூப்பர்.

கத்தரீனா எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். முழங்கையில் இரத்தம் கசிந்திருந்தது. கோயில் வாசலில் உயரமான படிகள். மடங்காத காலோடு சுவக்கினால் தனியாக இறங்க முடியாது. முதல் படியில் தூணைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய்த் தன் தோளைக் கொடுத்தாள்.