ரெக்கார்ட் பட்டனில் ஒரு காலிங்பெல்

மாடி அறையில் என் மகன் வைத்திருக்கும் கறுப்புப் பெட்டிக்கு மிடி கண்ட்ரோலர் என்று பெயர். ஆர்மோனியத்தில் இருப்பது போல ஒரு வரிசை கட்டைகள், அதற்கு மேலே ஒரு வரிசை பட்டன்கள். தானாக அதிலிருந்து ஒரு சத்தமும் வராது. எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று கணினியில் இருக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். திரையில் வேண்டியதைக் காட்டிவிட்டு, பெட்டியில் வேண்டிய பட்டனை ஒருமுறை அழுத்தினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் ஃபைல் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரிச்சிக்குடி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வருகிறவள் நான். இன்றைக்கு அந்தப் பெட்டியில் எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

போன வருஷம் அறுப்புச் சமயத்தில் அவனுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கி வரவில்லையே என்று அவன் அப்பா மேலே போனார். அவர் போட்ட சத்தத்தில் நானும் ஓடினேன். நாற்காலி சாய்ந்து கிடந்தது. ஹெட்போன் வயர் தோளில் சுற்றிக்கொண்டிருக்க, பிள்ளை தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையில் எதையும் திணிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தபோது முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். ஆனாலும் பீரோ சாவிக்கொத்தை எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சாவியின் பல் பதிந்த தழும்பு ரொம்ப நாள் அவன் கையில் இருந்தது. நான் படித்ததற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். வருவதற்கு முன்னால் ஏதாவது தெரிகிறதா என்று அவர் கேட்டார். தெரியும் என்றான் மகன். அடிவயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறுமாம். சுற்றி இருக்கும் சத்தமெல்லாம் தள்ளிப் போகுமாம். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாதாம். எங்களிடம் அவன் சொல்லாத விஷயம் அது. சில விநாடிகள் கிடைக்கின்றன, அதற்குள் கீழே உட்கார்ந்துவிடு, யாரையாவது கூப்பிடு என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். வண்டி ஓட்டக் கூடாது, குளத்தில் இறங்கக் கூடாது, குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் ஒன்றே ஒன்று சொன்னார். இது வெளியே தெரியக் கூடாது, நாளைக்கு அவனுக்குப் பெண் பார்க்க வேண்டும். போலகத்தில் இருக்கும் என் நாத்தனாருக்குக்கூடத் தெரியக் கூடாது என்றார். அவருக்குக் கூடப்பிறந்தவள், என்னைவிட அவருக்குத்தான் அவளைத் தெரியும் என்று நானும் தலையாட்டினேன்.

மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் கல்யாண வீடியோக்களுக்கும் ஊர்த் திருவிழா விளம்பரங்களுக்கும் இசை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஹாலில் உட்கார்ந்து அதைச் செய் என்றேன். முடியாது என்றான். அவனுடைய மைக் ஒரு மைக்கா, ஊர்க்காது. பக்கத்து வீட்டு மிக்சி, ரோட்டில் போகிற பஸ், தென்னை மரத்துக் காக்கா எல்லாம் அதில் விழும். கதவைச் சாத்தினால்தான் வேலை நடக்கும் என்றான். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நான் எப்படி இருப்பது? அப்போதுதான் இந்த யோசனையைச் சொன்னேன். பெட்டியில் அத்தனை பட்டன் இருக்கிறதே, ஒன்றை அழுத்தினால் கீழே ஹாலில் மணி அடிக்கிற மாதிரி செய்யேன். பழைய ஸ்பீக்கர் ஒன்றை ஹாலில் வைத்து, ஜன்னல் வழியாக வயர் இழுத்துவந்தான். குருவி கத்துகிற காலிங்பெல் சத்தம் ஒன்றைத் தேடி எடுத்தான். அது நான் கேட்டதுதான். அக்கம்பக்கத்தில் கேட்டால் யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எந்தப் பட்டன் என்பதில்தான் தகராறு வந்தது.

“ஓரத்துல ஒண்ணு சும்மா கெடக்கு. அதுல வைக்கிறேன்” என்றான்.

“இத்துனூண்டு இருக்கு. அந்த நேரத்துல தேடிக்கிட்டு இருப்பியா? இந்தச் செவப்புல வை.”

“அது ரெக்கார்ட் பட்டன்மா.”

“பெருசா இருக்கு, நடுவுல இருக்கு, வெளக்கும் எரியுது. அதான் வேணும்.”

“அப்ப நான் எதுல ரெக்கார்ட் பண்றது?”

“அந்த ஓரத்துல உள்ளதுல பண்ணிக்க.”

மாற்றினான். திரையில் குருவிச் சத்தத்தைக் காட்டி, சிவப்பை அழுத்தினான். கீழே குருவி கத்தியது. என் கணவர் போய் வாசல் கதவைத் திறந்து, யாரும் இல்லையே என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் அன்றைக்குச் சிரித்தான்.

அதற்கப்புறம் ஒரு மாதம், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நான் படிக்கட்டிலேயே குடியிருந்தேன். பழக்கதோஷத்தில் அவன் கை சிவப்புக்குத்தான் போகும். பாட்டைப் பதிவுசெய்ய நினைத்து அழுத்துவான், கீழே குருவி கத்தும், கரண்டியும் கையுமாக நான் மேலே போய் நிற்பேன். தப்பா அழுத்திட்டேன் என்பான். குரும்பகரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அவன் கொடுத்த பாட்டில், தாலி கட்டுகிற இடத்தில் குருவி கத்தியது. வீடியோக்காரர் போனில் கூப்பிட்டு, மாப்பிள்ளை தாலி கட்டாமல் வாசல் கதவைத் திறக்கவா போகணும் என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

பிறகு குருவி கத்துவது நின்றது. அவனுக்குக் கை பழகிவிட்டது, மாத்திரையும் வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன். கணவரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். தூக்கம்கூட வந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து நாத்தனாருடன் போன் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து, காபி போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்தால் கீழே கிடந்தான். இழுப்பு நின்றிருந்தது. நாக்கைக் கடித்துக் கடைவாயில் ரத்தம், கைலி நனைந்திருந்தது. நெற்றி மேஜைக் காலில் மோதி வீங்கியிருந்தது. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இழுத்தது, யாருக்கும் தெரியாது. அவனை ஒருக்களித்துத் திருப்பினேன். இந்த முறை சாவியைத் தேடவில்லை.

மறுநாள் அவன் எழுந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

“பட்டன அமுக்கலையா நீ?”

“அமுக்குனேன்.”

“மணி அடிக்கலையே.”

“அடிக்காதும்மா. அது நான் வச்ச பாட்டுல மட்டுந்தான் இருக்கும்.”

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிவைப்பது அந்தந்தப் பாட்டோடு சேர்ந்துதான் சேமிப்பாகும். புதிதாக ஒரு பாட்டைத் திறந்தால் பெட்டி பழையபடி ஆகிவிடும், சிவப்பு ரெக்கார்டுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் குருவியை வைக்க வேண்டும். கல்யாண வீட்டுக் கூத்துக்குப் பிறகு அவன் வைக்கவில்லை.

“அப்ப ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏண்டா அத அமுக்குன?”

“கை போயிடுச்சு” என்றான்.

அப்படியென்றால் சிவப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது, அன்று நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதைக் கேட்க வேண்டும் என்றேன். வேண்டாம் என்றான். பெற்றவள் கேட்கக் கூடாதா என்று நான் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டான். நீயே கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

முதலில் நாற்காலி இழுபட்ட சத்தம். பிறகு ஏதோ மோதிய சத்தம். பிறகு அவன். அதை எழுதப் போவதில்லை. அதற்கு நடுவே, தூரத்தில், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. ஸ்பீக்கர் வயர் போவதால் சாத்த முடியாத அவன் அறை ஜன்னல் கொல்லைப் பக்கம் திறந்திருந்தது. “அவனுக்கென்னங்க, நல்லாருக்கான். மாடில வேலையா இருக்கான். மூச்சு விட நேரமில்ல அவனுக்கு” என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் சிரித்தது. நாத்தனார் கேட்டதற்கு நான் சொன்ன பதில். வெளியே தெரியக் கூடாது என்று வீட்டில் எல்லோருமாக முடிவுசெய்து, நானும் பழகி, நன்றாகவே சொல்லத் தெரிந்துகொண்ட பதில்.

கணவர் அதைக் கேட்கவில்லை. எதுக்கு அதெல்லாம், அழிச்சுடச் சொல்லு என்றார். நாத்தனாருக்கு இன்றுவரை தெரியாது.

மகனை மறுபடியும் ஹாலுக்குக் கூப்பிட்டேன். மறுபடியும் மாட்டேன் என்றான். கதவு திறந்தே இருக்கட்டும் என்றேன். அப்படியென்றால் புதுச்சேரியில் சிநேகிதன் ரூமுக்குப் போய்விடுவேன், அங்கே கேட்க ஆளில்லை என்றான். அவன் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பயந்துபோனேன். கதவைச் சாத்திக்கொள், ஆனால் எந்தப் பாட்டைத் திறந்தாலும் சிவப்பில் குருவி இருக்க வேண்டும் என்றேன். அதற்கு வழி இருந்தது. வெறும் பாட்டு ஒன்றில் எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை வைத்து, அதையே எல்லாப் புதுப் பாட்டுக்கும் அச்சாக வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். அவன் செய்யவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று, திரையைப் பார்த்து, சிவப்பை அவன் அழுத்தியபோது கீழே கத்துகிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தினமும் வேலை தொடங்குமுன் ஒருமுறை அழுத்திக் காட்ட வேண்டும் என்றும் சொன்னேன். சரி என்றான். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் ஒருமுறை அழுத்துவான். அது சோதனை என்று தெரியும், நான் அசைய மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் நான் வீட்டில் இருக்கும் நாளில் மத்தியானமும் அடிக்கிறது. சில நாள் விளக்கு வைக்கிற நேரத்தில். முதல் முறை ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வேலை செய்யுதான்னு பார்த்தேன் என்றான். இன்னொரு நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், கஞ்சி கொட்டிக் கை வெந்துவிட்டது. அன்றும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான். என் கையைப் பார்த்தான்.

“சொல்லிட்டு அடிக்கக் கூடாதாடா?” என்றேன்.

“அது சொல்லிட்டா வரும்?”

கணவர் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கப் போனார். நான்தான் தடுத்தேன். உனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

நேற்றும் அடித்தது. சும்மாத்தான் இருக்கும் என்று தெரிந்தே படியேறினேன். முட்டி வலித்தது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன், ஆனாலும் மெதுவாக ஏறவில்லை. கதவைத் திறந்தேன். உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்க நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, திரைப் பக்கம் திரும்பி, ஓரத்துச் சின்னப் பட்டனில் விரலை வைத்தான்.

“கதவச் சாத்திட்டுப் போம்மா. ரெக்கார்ட் பண்ணணும்.”

சாத்திவிட்டு வந்தேன்.