விரதக்காரர் வீடுகளில் மட்டும் விழுந்த நோய்

1934 தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மலாயாவில் குளுவாங் பக்கம் கிளம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் தங்கை அஞ்சலைக்குக் கையும் காலும் விளங்கவில்லை என்று மச்சான் கடுதாசி போட்டிருந்தார். பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு ஒரு மாதமாக விரதம் இருந்தவள் அவள்.

ஜொகூர் பாருவில் காலை ஏழரை ரயில், மூன்றாம் வகுப்பு ஒரு வெள்ளி நாற்பது காசு. பத்தேகாலுக்குக் குளுவாங். அங்கிருந்து தோட்டம் ஏழு மைல். மாட்டு வண்டிக்கு அறுபது காசு. ஐம்பதுக்குப் பேசிப் பார்த்தேன், வண்டிக்கார முத்தையா அசையவில்லை. அவரும் மஞ்சள் வேட்டி கட்டிய விரதக்காரர்தான்.

"கள்ளுக்கடையே கதின்னு கிடக்கிறவனெல்லாம் கல்லாட்டம் இருக்கான், ஐயா. விரதம் இருந்த ஆறு பேருக்குத்தான் காலு விழுந்திருச்சு. சாமி குத்தம்ங்கிறாங்க."

"நீங்களும் விரதம்தானே? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நான் இருக்கிறது டவுன்ல. சந்தையில கத்தரிக்கா, பூசணிக்கா வாங்கி ஆக்கித் திங்கிறேன்."

அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை.

அஞ்சலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கை மணிக்கட்டோடு துவண்டு தொங்கியது. முப்பத்தொரு வயதுக்காரி! மச்சானுக்கு ஒரு குறையும் இல்லை. கருவாடு இல்லாமல் அவர் சோற்றைத் தொடமாட்டார்.

"எங்கேயோ தப்பு நடந்திருச்சுண்ணே. இனிமே ஒரு வேளைதான். கஞ்சியும் கீரையும் மட்டும்" என்றாள்.

"கீரை எங்க வாங்குறே?"

"வாங்குறதா? லாலான் புல்லு சாகட்டும்னு மருந்தடிக்கிற மர நிரையிலதான் தளதளன்னு கிடக்கே."

"மருந்தடிச்ச இடத்துலயா!"

"புல்லுக்குத்தானே அடிக்கிறாங்க? நான் கழுவித்தானே ஆக்குறேன்."

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மருந்து கொடுக்கும் டிரெசர் கீரை விஷயத்தைக் கேட்டதும் வெளுத்துப் போனார். "அது பாஷாணம் சார். ஆடு மாட்டை அந்தப் பக்கம் விடாதீங்கன்னு சொல்லியிருந்தோமே. மனுஷங்க அதைப் பறிச்சுத் திம்பாங்கன்னு யார் கண்டது?" அடப்பாவிகளா! மாட்டுக்குச் சொன்னதை மனுஷனுக்குச் சொல்ல ஒரு வாய் இல்லையா? கை திரும்புமா என்று கேட்டேன். மாதக்கணக்கில் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

அஞ்சலையிடம் சொன்னேன். தன் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மத்த அஞ்சு பேருக்கும் நான்தாண்ணே பறிச்சுக் கொடுத்தேன். கை விழுந்த பிறகும் தட்டுத்தடுமாறிப் போய் இடது கையால பறிச்சேன்" என்றாள். உடனே வண்டியை வரச் சொல்லி, வீடு வீடாகப் போய் வாசலில் நின்று அவளே சொன்னாள்.

தோட்டத்துச் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்களே, காலை ரயிலையே பிடியுங்கள். மதியத்துக்குமேல் வண்டி கிடைப்பது கஷ்டம். குளுவாங் சந்தையில் முப்பது காசுக்குக் காய்கறி வாங்கிக்கொள்ளுங்கள். இலையில் உட்காருமுன் கீரை எங்கே பறித்தது என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசி வீட்டைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. செல்லம்மா பாயில் கிடந்தாள். அஞ்சலை வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "வா அஞ்சலை. முந்தாநாள் நீ கொடுத்த கீரையில ஒரு பிடி தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன். உனக்கும் முடியலையே, நீயே எடுத்துட்டுப் போய் ஆக்கித் தின்னு."