மாமி கண்ட வெள்ளிக்கிழமைக் கனவுகள்

அடுத்த வீட்டு மாமி ஹஜ்ஜுக்குப் போவதற்கு முன் வீடு வீடாக ஏறி, குற்றம் குறை ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவந்தாள். எங்கள் பக்கம் ஹஜ்ஜுக்குப் போகிற எல்லோரும் அப்படிக் கேட்பது வழக்கம். மற்றவர்களும் பொறுத்தோம் என்று சொல்லி, கட்டிப்பிடித்து அழுது அனுப்புவார்கள். நான் அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "எதப் பொறுக்கச் சொல்றீங்க மாமி? வாயத் திறந்து சொல்லுங்க, பொறுக்கன்" என்றேன். அவள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் உள்ளவர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நீதான் அப்போதே பழி வாங்கிவிட்டாயே, இன்னும் என்ன என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் சவூதியில் வேலை செய்தார். எங்கள் வீட்டுக்குப் போன் வந்திருந்தது, ஆனால் அதை மண்டபத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். சவூதியில் வெள்ளிக்கிழமை லீவு என்பதால் ஜும்ஆ முடிந்து அவர் அங்கிருந்து போன் எடுப்பார். மணி அடித்ததும் என் உம்மா வந்து உட்காருவா, உம்மாவைப் பார்க்க வந்தவர்களும் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். புருசனோடு நான் கதைப்பது "ஓம்", "சுகம்", "பணம் கிடைச்ச" என்ற மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். கலியாணம் முடித்து நான்கு வருடமாக எங்கள் குடும்பம் இந்த மூன்று சொல்லில்தான் நடந்தது.

அடுத்த லீவில் வந்தபோது அவர் ஒரு கோட்லெஸ் போன் கொண்டுவந்தார். வயர் இல்லை, கையில் எடுத்துக்கொண்டு எங்கும் நடக்கலாம். யுத்த காலம், வரும் வழியில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் அதன் அன்ரனாவை இழுத்து இழுத்துப் பார்த்து, இது வோக்கிடோக்கியா என்று அவரை வெகுநேரம் மறித்து வைத்திருந்தார்களாம். அந்தச் சிப்பாய்களுக்கு இருந்த சந்தேகம் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

அவர் திரும்பிப் போனபின் வெள்ளி வந்தால் எனக்குப் பெருநாள்தான். மணி அடித்ததும் போனைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடிவிடுவேன். முருங்கை மரத்தடியில், மாமி வீட்டு மதிலுக்குப் பக்கத்தில், கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, வாய் நிறையக் கதைப்பேன். புருசன் பெண்சாதி கதைக்க வேண்டிய எல்லாவற்றையும் கதைத்தேன். அழுதேன், கோபித்தேன், சில வேளை வெட்கம் கெட்டும் கதைத்தேன். உலகத்திலேயே எனக்கென்று இருந்த ஒரே அறை அந்தக் கிணற்றுக் கட்டுதான் என்று நினைத்திருந்தேன்.

அவர் வந்த அந்த லீவில்தான் எனக்குக் கரு தங்கியது. அதற்கு முன் இரண்டு தங்கி இரண்டும் போய்விட்டன. இந்த முறை வயிறு வெளியே தெரியும்வரை ஒரு குருவிக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நாவூறு, கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். உம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்து அவருக்கு மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் விடிந்ததும் மாமி ஒரு கோப்பை நிறைய மாங்காய் அச்சாறு கொண்டுவந்தாள்.

"ராத்திரி ஒரு கனாக் கண்டன் புள்ள. உன்ட மடியில ஒரு பழுத்த மாம்பழம் கிடக்கு. மாஷா அல்லாஹ், வயிறு நிறஞ்சிரிக்கி போல" என்றாள்.

மாமியின் கனவுகள் எங்கள் ஒழுங்கையில் பேர் போனவை. என் கணவர் வேலை மாறப்போவதையும், சம்மாந்துறைப் பக்கம் உள்ள வயலை நாங்கள் விற்க நினைத்ததையும் அவள் முன்னமே கனவில் கண்டிருந்தாள். அந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள்ளேயே நோய் நொம்பலம், தொலைந்த மாடு, மாப்பிள்ளை பார்க்கிற விசயம் என்று எல்லாவற்றுக்கும் பெண்கள் அவளிடம் போய் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அன்று பகலுக்குள் ஒழுங்கை முழுதும் என் வயிற்றைப் பார்த்தது. உம்மா ஒரு மூலையில் இருந்து அழுதா. "அடுத்த வீட்டாக்கள் கனாக் கண்டா நான் அறியணும் என்ட மகள்ட விசயம்?" என்றா. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், கனவு பலிப்பதை நம்ப மாட்டேன். அந்தப் படிப்புத்தான் என்னைக் கெடுத்தது. கனவில்லை என்றால் யாரோ சொல்லியிருக்க வேண்டும். தெரிந்த ஒரே ஆள் என் கணவர். நிந்தவூரில் இருக்கும் அவருடைய உம்மாவும் அடுத்த வீட்டு மாமியும் நல்ல சிநேகம். எனக்குள் கணக்குச் சரியாக வந்துவிட்டது. அடுத்த வெள்ளி அவரைப் போனில் பிடித்தேன்.

"வல்லாஹி, நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல புள்ள" என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தார்.

"வல்லாஹி சொல்லிப் பொய் சொல்ற ஆக்களயும் நான் கண்டிரிக்கன்" என்றேன்.

அவர் போனை வைத்தார். அதன்பிறகு வந்த வெள்ளிகளில் மணி அடிக்கவேயில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிள்ளைக்குப் பயப்படுவதா, புருசனுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் இருந்தேன்.

மதிலோடு ஒட்டியிருந்த மாமி வீட்டுக் குசினியில், அடுப்படியில், வெள்ளி பின்னேரங்களில் நாலைந்து பெண்கள் கூடுவார்கள். யாசீன் ஓதுகிறார்கள் என்று நினைத்து, பிள்ளைக்காகத் துஆ கேட்கச் சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தனுப்பியிருந்தேன். அப்படி ஒரு வெள்ளி, உம்மா முன்வாசலில் இருந்து சம்மாந்துறைச் சாச்சியோடு கோட்லெஸில் கதைத்துக்கொண்டிருந்தா. நான் பின்னால் கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். மதிலுக்கு அப்பால் உம்மாவின் குரல் கேட்டது. மாமி வீட்டுக்கு எப்போது போனா என்று யோசித்தேன். அப்போது உம்மா சிரித்தா. முன்வாசலிலும் சிரித்தா, மாமி குசினியிலும் சிரித்தா.

வாளியை வைத்துவிட்டு மதில் துவாரத்தால் பார்த்தேன். பெண்கள் வட்டமாக இருந்து றால் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரேடியோ. நிலையம் காட்டும் முள் ஒரு கரைக்கு ஒதுங்கியிருந்தது. கோட்லெஸில் கதைக்கும் உம்மாவின் குரல் அதிலிருந்து தெளிவாக வந்தது, சாச்சியின் குரல் போத்தலுக்குள் அடைத்த வண்டு போல இரைந்தது. மாமி சத்தத்தைக் கூட்டிவிட்டு, "இண்டைக்கு உம்மாக்காரிட கதை, மகள்ட கதை போல ருசியில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வாழைப்பழத் தோல்கள் ஒரு சுளகில் கிடந்தன.

என் அழுகையை, என் கொஞ்சலை, புருசனிடம் மட்டும் சொன்ன என் பயத்தை இவர்கள் றால் உரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். ரேடியோவில் முஸ்லிம் நிகழ்ச்சி கேட்கப் போய் முள்ளைத் திருப்பியபோது தற்செயலாக அகப்பட்டிருக்கலாம் என்று பிறகு சிலர் அவளுக்காகப் பரிந்து பேசினார்கள். ஒருநாள் தற்செயல் சரி. ஒவ்வொரு வெள்ளியுமா தற்செயல்? மதில் ஏறிக் குதித்து அவள் கொண்டையைப் பிடிக்கத்தான் மனம் சொன்னது. அப்படிச் செய்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். எனக்கு அது போதாது. உம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மாமியின் மகனும் சவூதியில்தான் இருந்தான், என் கணவரின் கம்பெனியில். நான்கு வருடமாக லீவில் வரவில்லை. அடுத்த வெள்ளி போனை எடுத்து, ஒரு இலக்கத்தை அழுத்தி டயல் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவரோடு கதைப்பது போல முருங்கை மரத்தோடு கதைத்தேன். "மெய்யாவா? மாமிட மகன் வாறானா? வாற வெள்ளியா? தன்ட உம்மாக்கு ஒண்டும் சொல்லாதயாமா? ஓம் ஓம், நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்." மதிலுக்கு அப்பால் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

விடிந்ததும் மாமிக்குக் கனவு வந்துவிட்டது. மகன் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நிற்கக் கண்டாளாம், வெள்ளிக்கிழமையாம். ஒழுங்கை பொங்கியது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். சேவல்கள் அறுத்தாள். வட்டிலப்பம் அவித்தாள். யாருக்கும் எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது, யாரிடமும் கேட்கவும் முடியாது, என்னிடம் வந்து மெய்தானா என்று ஒரு சொல் கேட்க முடியாது. நாலு தடவை என் படிவரை வந்து உப்பு, தேங்காய் என்று எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்த முகத்தோடு கொடுத்தேன். அந்தக் கிழமை நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளி வந்தது. ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் அவள் குசினியில் இருந்தார்கள். அஸர் தொழுகை நேரம் ஆகியும் மகன் வரவில்லை. ஏதும் சேதி விழும் என்று ரேடியோவைப் போட்டு வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. ரேடியோவக் கொஞ்சம் கூட்டுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும். உங்கட மகன் வரல்ல. வாறன் எண்டு அவன் சொல்லவும் இல்ல. நான்தான் சொன்ன. உங்கட கனாவெல்லாம் என்ட வாயால வந்த கனா. இனி நல்ல கனாவாக் காணுங்க."

பிறகு பெண்கள் ஒவ்வொருவராக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலால் போவது தெரிந்தது. மாமி ரேடியோவை நிறுத்தக்கூட மறந்துவிட்டாள். பெற்ற வயிறு, பாவம் என்றா உம்மா. எனக்குப் பாவமாக இருக்கவில்லை, இன்றும் இல்லை. அதன்பிறகு அவளிடம் கனவு கேட்க ஒருவரும் போகவில்லை.

நடந்ததை எல்லாம் எழுதி அவருக்குக் கடிதம் போட்டேன். கடிதம் கிடைத்த வெள்ளி மணி அடித்தது. கோட்லெஸைத் தொடவில்லை. மண்டபத்துப் பழைய போனில், எல்லோர் முன்னாலும், சிரித்துச் சிரித்து மறுபடி முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப நம்புறியா புள்ள?"

"ஓம்."

"அல்லாட பேரால நான் சொன்னன், நம்பல்ல. ஒரு ரேடியோப்பெட்டி சொன்ன, நம்பிட்டாய்" என்றார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவரும் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். நல்ல மனிதர், ஒரு குறை வைத்ததில்லை. மற்றவர்களிடம் பேசும்போது வாய்க்கு வாய் "வல்லாஹி" என்பார். என்னிடம் அந்தச் சொல்லை அவர் அதன்பிறகு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாமி அதை எனக்குத் திருப்பித் தரட்டும், பொறுக்கிறேன்.